ஐந்து டன் நூற்று நாற்பது கிலோ

எடையைக் குறைப்பது எங்கள் வீட்டில் பரம்பரைத் தொழில். தராசுத் தட்டில் விரல் படாமலே கால் கிலோவைக் காணாமல் போகச் செய்யும் கைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே வேலையை நேர்மையாகச் செய்த ஒரே ஆள், என் தங்கையின் கணவர்.

இருபத்திரண்டு டன் துகள் முடுக்கியை ஒன்பது வருடம் செதுக்கிச் செதுக்கி ஒரு சின்ன லாரிக்குள் அடக்கியிருந்தார். பாலத்தின் மேல் ஓரிடத்தில் இருபது நிமிடம் நிறுத்தி ஓடவிட்டால் நியூட்ரான்கள் சாலைத் தாரைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் இறங்கும். உள்ளே உப்பு ஏறியிருந்தால், திரும்பி வரும் காமா கதிர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கம்பி துருப்பிடித்துப் பாலம் தானாக வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆனால் இதற்குப் பணம் கொடுத்த ஆராய்ச்சி வாரியம் கெடு வைத்திருந்தது. வருடம் முடிவதற்குள் நிஜமான ஒரு பழுதையாவது கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் லாரியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை கைகாட்டியது, அறுபது வருடம் கடல் காற்றைக் குடித்த முகத்துவாரப் பாலத்தை. அனுமதி வாங்குவது, வாயால் பிழைக்கும் என் பொறுப்பு.

விண்ணப்பத்தில் வாகன எடைக்கு ஒரு கட்டம் இருந்தது. மாப்பிள்ளை 5,140 கிலோ என்று எழுதினார். பாலத்தின் முகப்பிலோ, ஐந்து டன்னுக்கு மேல் செல்லக்கூடாது என்று பலகை நிற்கிறது.

"நாலாயிரத்தித் தொள்ளாயிரம்னு போடுங்க மாப்பிள்ளை. யாரு தூக்கிப் பாக்கப் போறா?"

"அளந்து சொல்றதுக்குன்னே ஒரு மெஷினு. அதோட அளவையே பொய்யா எழுதவா மச்சான்?"

கவசத்தில் நூற்று நாற்பது கிலோ சுரண்டிவிடலாமே என்றேன். சுரண்டினால் பக்கத்தில் நிற்பவர் உடம்பில் கதிர் இறங்கும் என்றார். இவ்வளவு சுருக்கமாக என் பேரத்தை யாரும் முடித்து வைத்ததில்லை.

பாலங்களுக்குப் பொறுப்பான பொறியாளர் எடையைப் படித்ததும் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். அவர் ஜன்னலுக்கு வெளியே அதே பாலத்தில், படிக்கட்டு வரை ஆள் தொங்க, ஒரு பேருந்து போய்க்கொண்டிருந்தது. அது பன்னிரண்டு டன்னாவது இருக்குமே என்றேன்.

"இருக்கும். ஆனா அது எங்கிட்ட எழுதிக் கேக்கலையே சார்."

நானும் மாப்பிள்ளையும் இறங்கி நடந்தால் நூற்று நாற்பது குறைந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே, கட்டி நாலு வருடமான புதுப் பாலத்துக்கு அனுமதி எழுதிக் கொடுத்தார்.

அங்கே மூன்று நாள் ஓட்டினோம். பாலம் குண்டுக்கல் மாதிரி இருந்தது. வாரியத்தின் கடிதம் அரைப் பக்கம்: கருவி எந்தப் பழுதையும் கண்டுபிடிக்கவில்லை, ஆகவே அதன் தேவை நிரூபிக்கப்படவில்லை.

லாரியை ஒப்படைக்கப் போன காலையில், சுற்று வழி தூரம் என்று டிரைவர் பழைய பாலத்திலேயே ஏற்றிவிட்டார். பலகையைக் காட்டினேன். எல்லாரும் இப்படித்தானே போகிறார்கள் என்றார். நடுப்பாலத்தில் நெரிசல். முன்னால் பேருந்து, பின்னால் ஜல்லி லாரி. எதிரே வண்டி கடக்கும் ஒவ்வொரு தடவையும் பாலம் லேசாக அமுங்கி எழுந்தது.

மாப்பிள்ளையின் மடியில் கருவியின் சாவி. சுற்றிலும் ஜனம், ஓடவிட முடியாது. கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபது நிமிஷமா நிக்கிறோம் மச்சான். நான் கேட்டது இவ்வளவுதான்."

பேருந்து நகர்ந்தது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டிரைவர் பக்கம் திரும்பினார்.

"மெதுவா போங்க," என்றார். "முன்னாடி பஸ்ஸு இறங்கட்டும்."