மூன்றரை மணி நேரக் கணக்கு

பேக்கரிக்காரருக்கு மாவு விஷயத்தில் மட்டும் கணக்குத் தப்பியதே இல்லை. மற்றதிலெல்லாம் தப்பும், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார்.

தூர தேசத்தில் மகள் சொந்தமாக பேக்கரி திறக்கிறாள். "முதல் ரொட்டி உங்க கையாலதான் போடணும்பா" என்று போனில் சொன்னாள். பத்து வருஷத்துக்கு முன் "உனக்குக் கை வராது, வேற வேலையைப் பாரு" என்று அவளைத் தன் கடையிலிருந்து விரட்டியவரே அவர்தான். மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வராது. மாவு பிசைய வரும். அதனால் வீட்டிலேயே பிசைந்து, இறங்கினதும் அடுப்பில் வைக்கிற பதத்தில் கொண்டுபோவது என்று முடிவு கட்டினார்.

டிக்கெட்டில் காலை எட்டுக்குப் புறப்பாடு, பதினொன்றரைக்குப் போய்ச் சேரும் என்றிருந்தது.

"மூணரை மணி நேரம்தான்," என்றார் மனைவியிடம்.

"எட்டாயிரம் கிலோமீட்டரையா?"

"மேல என்ன, சிக்னலா இருக்கு?"

முப்பது வருஷக் குடித்தனம். எங்கே விட்டுப்பிடிக்கணும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

விமானத்தில் மூன்று மணி நேரம் ஆனதும் தலையை வாரி, ஷூவை மாட்டி, மாவு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?" என்றாள் பணிப்பெண்.

"இறங்க வேண்டாமா?"

"இன்னும் ஏழு மணி நேரம் இருக்கு சார். டிக்கெட்ல போட்டிருக்கிறது அந்தந்த ஊர் நேரம். அங்க நம்மளவிட ஆறரை மணி நேரம் பின்னாடி."

பேக்கரிக்காரர் டப்பாவைப் பார்த்தார். மாவுக்கு ஊர் நேரமெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்குப் பொங்கி மூடியைத் தூக்க ஆரம்பித்திருந்தது.

"கொஞ்சம் ஐஸ் கிடைக்குமாம்மா? குளிர்ந்தா அடங்கும்."

விஷயம் வரிசை வரிசையாகப் பரவியது. பக்கத்து சீட்டுப் பெரியவர் தன் ஜூஸிலிருந்த ஐஸைக் கொடுத்தார். பின்னாலிருந்தும் டம்ளர்கள் வந்தன. பாத்ரூம் போகிறவர்களெல்லாம் நின்று, "இப்ப எப்படியிருக்கு?" என்று நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். இவரும் கைக்குழந்தைக்காரர் மாதிரி பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆனாலும் ஐஸ் எத்தனை நேரம் தாங்கும்? மகளின் கடையில் டப்பாவைத் திறந்தபோது மாவு துவண்டு, புளித்த வாடை அடித்தது. வெளியே ஜனம் வரிசையில் நிற்கிறது.

"போச்சும்மா. குப்பையில கொட்டு," என்றார்.

மகள் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். "ரொட்டிக்குத்தான்பா ஆகாது."

மாவைத் துண்டுபோட்டாள், எண்ணெய் தொட்டுத் தட்டையாக அமுக்கினாள், வெங்காயமும் உப்பும் தூவினாள், நல்ல சூட்டில் தள்ளினாள். பன்னிரண்டே நிமிஷம். அந்தக் கைகளின் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார் அவர். அடுப்பிலிருந்து வெளியே வந்ததைப் பிட்டு வாயில் போட்டதும் கண் கலங்கியது. இவர் கையிலிருந்தால் அது குப்பைக்குத்தான் போயிருக்கும்.

"உனக்குக் கை வராதுன்னு சொன்னேனே, அது தப்பும்மா. என்னை மன்னிச்சிடு."

மகள் மாவுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "இதைப் போன்லயே சொல்லியிருக்கலாமேப்பா."

"எங்க? எட்டாயிரம் கிலோமீட்டர் வந்த பிறகுதான் வாயே திறக்குது," என்றார்.