எட்டாம் நாளும் ஓயாத பேச்சு

ஓட்டப்பந்தயத்தில் மட்டக்களப்பே கொண்டாடிய அருளம்பலம், கல்லடியில் கார் தென்னையில் மோதிச் செத்து எட்டு நாளாயிற்று. காரோட்டியான றைவர் இன்னும் ஆசுப்பத்திரியில் நினைவின்றிக் கிடந்தான். செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டை நிரப்பி நிரப்பி அவன் அக்கா பூமணிக்கு அலுத்துவிட்டது.

"குடிச்சிருப்பான்" என்றார் ஒருவர். "பொம்பிளை விசயம்" என்றார் மற்றவர். சின்னப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"அவனோட ஓடித் தோத்த வேலாப்போடிதான் சூனியம் வச்சிருக்கான். இண்டைக்கே அம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ண வைப்பம்."

மறுத்தால் வேலாப்போடி ஊரில் வாழ முடியாது. சத்தியம் செய்தாலும் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். நால்வர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

பூமணி தட்டைத் தொப்பென்று வைத்தாள்.

"நில்லுங்க சின்னப்பா! அந்தக் கற்பூரத்தை நான் அணைக்கிறன். றைவரைத் தள்ளி இருத்திப்போட்டுத் தம்பிதான் காரை எடுத்தவன். என்ட கண்ணால பாத்தன்."

"அவனுக்குக் கார் ஓட்டத் தெரியுமா மகள்?"

"தெரியாது. தெரியாதெண்டு சொல்ல அவனுக்கு வெக்கம்."

"இதை ஏன் முதலே சொல்லல்ல?"

"ஏழு நாளாச் சொல்றன். ஆரு கேட்டீங்க?"

நால்வரும் மறுபடி உட்கார்ந்தார்கள். சின்னப்பா ஒரு வெற்றிலையை எடுத்து நிதானமாகச் சுண்ணாம்பு தடவினார்.

"அப்ப, அவனைக் கார் எடுக்கச்சொல்லி உசுப்பேத்தினது ஆரு?"