கோவிந்தம்மாள் என்று யாரும் இல்லை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பிழை திருத்தக் கொடுத்த ஒரு நோட்டுக்குள் இருந்தது. திண்டிவனத்தில் சமூகப்பணிக்கு ஆள் பழக்கும் ஒரு பயிற்சி மையம். ஆறு மாதப் படிப்பு. ஆளுக்கொரு வீட்டுக்குப் போய்க் கஷ்டத்தைக் கேட்டு, கிடைக்கிற உதவியை வாங்கிக் கொடுத்து, நடந்ததைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இருபத்திரண்டு குறிப்பேடுகளுக்கு ஒற்றெழுத்துப் போடச் சொல்லி என் தலையில் கட்டினார்கள். பதினேழாவதில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

மயிலம் மலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது ஆரோக்கியசெல்வி பேருந்திலிருந்து

வேண்டாம். அவள் வெயிலையெல்லாம் பார்க்கிற நிலையிலா இருந்தாள்?

2

ஆரோக்கியசெல்விக்கு இருபத்து நான்கு வயது. (இது அவளுடைய பேர் இல்லை. ஏன் மாற்றினேன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.) துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கிப்போய், உட்கார்ந்து பேசுகிற வேலை கிடைக்கும் என்று நம்பி இதில் சேர்ந்தவள். பாவம், உட்காரவே விடவில்லை.

அவளுக்கு விழுந்தது மயிலம் பக்கத்தில் சவுரியம்மாள் வீடு. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கிவிட்டுத் திரும்பும்போது மினி வேனிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர். வாசலைத் தாண்டி மூன்று வருடம் ஆகிறது. அவர் கேட்டது ஒரு சக்கர நாற்காலி. கக்கூசுக்குப் போக இன்னொருத்தர் கையை எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

பாடம் எடுக்கிற கலைப்பிரியா மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார்: குறிப்பேட்டில் உண்மைப் பேர் வரக் கூடாது; வந்தால் மதிப்பெண் கிடையாது. நம்மை நம்பி அழுதவர்களின் கதை ஊர் வாயில் விழக் கூடாதாம். நல்ல விதிதான், குறை சொல்ல மாட்டேன். செல்வி சவுரியம்மாளைக் கோவிந்தம்மாள் ஆக்கினாள். அந்தப் பேரில் அவளுக்குத் தெரிந்து யாரும் இல்லை. அதனாலேயே அது பிடித்துப்போயிற்று.

திண்டிவனம் திரும்பும் பேருந்தில், குறிப்பேட்டையும் சக்கர நாற்காலி கொடுக்கும் விழுப்புரம் முகாமுக்கான விண்ணப்பத்தையும் மடியில் வைத்து அன்றைய குறிப்பு, விண்ணப்பம் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். இரண்டிலும் கோவிந்தம்மாள்.

(கையெழுத்து? கைநாட்டு, காலையிலேயே வாங்கியாயிற்று. அடையாள அட்டை? முகாமில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் பிறகு செல்வியிடம் நானும் குடைந்து குடைந்து கேட்டேன்.)

3

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம். சவுரியம்மாளை ஆட்டோவில் கொண்டுவந்து, மூன்றாவது வரிசையில் உட்கார வைத்து, பேரைக் கூப்பிட்டால் கையைத் தூக்குங்கள் என்று செல்வி சொல்லியிருந்தாள். மேடையில் ஒரே ஒரு சக்கர நாற்காலி மிச்சம் இருந்தபோது மைக்கில் கூப்பிட்டார்கள்: "கோவிந்தம்மாள், மயிலம் ஒன்றியம்."

விண்ணப்பத்திலும் பொய்ப் பேரையே எழுதி வைத்திருக்கிறோம் என்று செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தாள்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு கால்களும் சூம்பியிருந்தன. கணவர் துரைக்கண்ணு அவரைத் தூக்கிக்கொண்டு மேடையேறினார். பட்டியலில் பேர் இருக்காது என்று தெரிந்தே, எதற்கும் போய்ப் பார்ப்போம் என்று காலையிலிருந்து காத்துக் கிடந்தவர்களாம். அட்டையை நீட்டினார். கோவிந்தம்மாள், மயிலம் ஒன்றியம். எழுத்துக்கு எழுத்து சரி. பட்டியலில் டிக் விழுந்தது.

கோவிந்தம்மாள் இரண்டு சக்கரங்களையும் பிடித்து அரையடி நகர்ந்து பார்த்துச் சிரித்தார். துரைக்கண்ணு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இங்கே சவுரியம்மாள் செல்வியின் துப்பட்டாவை இழுத்தார்.

"எம்பேரு எப்பம்மா வரும்? நானும் கேட்டுக்கினேதான் கீறேன்."

4

எனக்கும் இங்கே தலை சுற்றுகிறது, மறைப்பானேன்.

செல்வி மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்கிறாள் என்று எழுதினேன். கேட்க ஜோராக இருக்கிறது. அப்புறம் கோவிந்தம்மாளை அந்த நாற்காலியிலிருந்து யார் இறக்குவது? துரைக்கண்ணுவையே இறக்கச் சொல்வதா? அடித்துவிட்டேன்.

வாயை மூடிக்கொள்கிறாள் என்று எழுதினேன். சாயந்தரம் சவுரியம்மாளை மறுபடி அதே வீட்டில் தூக்கி வைக்கும்போது எந்த முகத்தோடு

(இது பாதியிலேயே நிற்கட்டும்.)

இன்னொரு நாற்காலி வந்து இறங்கியது என்று எழுத வெட்கமாக இருந்தது.

கோவிந்தம்மாளையே கதையிலிருந்து தூக்கிவிட்டால் என்ன? பேனா என் கையில்தானே இருக்கிறது. ஆனால் செல்வியும் இப்படித்தான், அப்படி ஒருத்தி இல்லை என்று நினைத்து அந்தப் பேரை எழுதினாள். நானும் இந்தக் கதையில் எல்லாருடைய பேரையும் மாற்றியிருக்கிறேன், அதே விதிப்படி. இந்தப் பேர் உள்ளவர்கள் யார் எங்கே கையைத் தூக்கப் போகிறார்களோ, பயமாக இருக்கிறது.

கடைசியில் செல்வியையே திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பிடித்துக் கேட்டேன். மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை என்றாள். சொன்னால் சான்றிதழ் போய்விடுமாம். சவுரியம்மாளுக்கு என்ன பதில் சொன்னாய் என்றேன்.

"அத்த மட்டும் கேக்காதீங்க சார். என்னா சொல்லியிருக்கணும்னு நீங்க சொல்லுங்க. எங்க பாடத்துல எங்கியும் வரல."

பஸ் ஏறிப் போய்விட்டாள்.

5

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: 'களப்பணியாளர் அடுத்துச் செய்ய வேண்டியது'. எழுதி எழுதி அழித்ததில் அந்த இடத்தில் தாள் மெலிந்துபோயிருக்கிறது. படிக்கும்படி ஒன்றும் மிச்சமில்லை.

மத்தியானத்துக்குள் நோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒற்றெல்லாம் போட்டாயிற்று, என் வேலை அதோடு சரி. பென்சிலை உள்ளேயே வைத்திருக்கிறேன், கட்டத்தை நீங்கள் நிரப்புங்கள். ஆனால் எழுதியதை எனக்கோ மேடத்துக்கோ படித்துக் காட்ட வேண்டாம். அந்த மண்டபத்தின் மூன்றாவது வரிசைக்குப் போய், சவுரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். அவர் கையைத் தூக்கத் தயாராக மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் மைக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.