தோள் கொடுக்காத ஆறாம் சுற்று

எஸ்ரா டாலிவர் ஒன்பது வருஷமாக வெள்ளைக்காரர்களைத் தாங்கிக்கொண்டிருந்தான். பகலில் டெலவேர் ஆற்றுத் துறையில் மூட்டைகள். மாலையில் குத்துச்சண்டை மேடையில் ஆட்கள். கனத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மூட்டை திருப்பிக் குத்தாது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்துப் பிலடெல்பியாவில் நடுவர் தீர்ப்புச் சொல்லச் சட்டம் விடாது. ஆறு சுற்று முடிந்து இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தால் சண்டைக்கு முடிவே கிடையாது. ஜெயித்தது யார் என்று மறுநாள் பத்திரிகைக்காரன் எழுதுவான். எஸ்ராவிடம் மூக்கு உடைந்து போனவர்கள் எல்லாரும் காலையில் அச்சில் ஜெயித்திருந்தார்கள். அறுபத்திரண்டு சண்டை போட்டவன் பேரில் பதினோரு வெற்றி. பதினொன்றும் தன்னைப் போன்ற கறுப்பர்களை வீழ்த்தியது. வெள்ளைக்காரனை வீழ்த்தினால் அடுத்த சண்டை கிடைக்காது. ஆகவே தள்ளாடுகிறவனைக் கட்டிப்பிடித்து, தோளில் சாய்த்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை நிறுத்திவைக்க வேண்டும்.

"கேட்டுக்கடா எஸ்ரா," என்றான் மேலாளர் குயிக்லி. "கெஸ்லர் இன்னிக்குக் கடைசிவரைக்கும் நின்னுட்டான்னா, சாம்பியனோட அடுத்த சண்டை அவனுக்குத்தான். பத்திரமா நிக்க வை."

"போன வருஷம் அது எனக்குன்னு சொன்னீங்களே, மிஸ்டர் குயிக்லி."

"சாம்பியன் கறுப்பனோட ஆடமாட்டேங்கிறான். நான் என்ன அவனுக்கு அப்பனா?"

எஸ்ராவின் கையில் துணி சுற்றிக்கொண்டிருந்த லூஷியஸ், அவன் பெண்டாட்டியின் அண்ணன், தலை நிமிராமல் முணுமுணுத்தான். "நல்லவேளை, நமக்கும் அப்பன் இல்ல மச்சான்."

நான்கு சுற்றிலேயே அந்த வெள்ளைக்காரன் கெஸ்லருக்குக் கால் செத்துப்போயிற்று. எஸ்ராவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு காதுக்குள் சொன்னான்: "ஒழுங்காப் புடிடா. மூச்சு வாங்கணும்." குரலில் கெஞ்சல் இல்லை. அதிகாரம். எஸ்ரா பிடித்தான்.

ஐந்தாவது சுற்று முடிந்து தன் மூலையில் உட்கார்ந்தபோது, கயிற்றுக்குக் கீழே ஒரு பத்திரிகைக்காரன் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் செருகுவதைப் பார்த்தான்.

"எழுதி முடிச்சாச்சா ஐயா?"

"முடிச்சாச்சு."

"ஜெயிச்சது யாரு?"

"கெஸ்லர். நூலிழையில."

"இன்னும் ஒரு சுத்து இருக்கே?"

"அதுல என்ன நடந்துடப் போகுது?" அந்த ஆள் நக்கலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான்.

வாயில் இருந்த தண்ணீரை எஸ்ரா வாளியில் துப்பினான்.

"என்ன மச்சான்?" என்றான் லூஷியஸ்.

"ஒண்ணுமில்ல. தோள் வலிக்குது."

ஆறாவது சுற்றில் விலாவுக்குக் கீழே ஒரே ஒரு குத்து. கெஸ்லர் மடங்கினான், வழக்கம்போலச் சாய வந்தான். எஸ்ரா அரை அடி பின்னால் போனான். தோள் இருக்கும் என்று நம்பி வந்தவன் காற்றில் சாய்ந்து முகம் குப்புற விழுந்தான்.

பத்து எண்ணுவதற்குள் எழாவிட்டால் தோல்வி. நடுவர் குயிக்லியைப் பார்த்தார். "ஒண்ணு" என்றார். பிறகு கெஸ்லரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "ரெண்டு" என்றார்.

கறுப்பர்களுக்கு இடம் மேல்மாடத்தில்தான். அங்கே ஒருத்தி கத்தினாள்: "யோவ், எண்ணத் தெரியாதா? நாங்க எண்ணுறோம் பாரு! மூணு! நாலு!" மாடம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. பத்து வந்ததும் நிறுத்தாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். அவர்கள் இரண்டாம் தடவை பத்தைத் தொட்டபோதுதான் நடுவருக்குப் பத்து வந்தது. கெஸ்லர் அப்போதும் பலகையை முகர்ந்துகொண்டு கிடந்தான்.

குயிக்லி மேடைமேல் தாவி ஏறினான். "புத்தி கெட்டுப்போச்சாடா உனக்கு? ஏன் விழவெச்ச?"

"அவனாத்தான் விழுந்தான். நான் தாங்கல."

"இனிமே இந்தக் கிழக்குக் கடற்கரை ஊருங்க நெடுக ஒரு வெள்ளைக்காரனும் உன்கூட மேடை ஏறமாட்டான். தெரியும்ல?"

"தெரியும். மூட்டைக்கு அந்தக் கௌரவம் கிடையாது, மிஸ்டர் குயிக்லி. காலையில வந்து நிக்கும்."

எஸ்ரா கயிற்றின்மேல் குனிந்தான். மூக்கிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, பையில இருக்கறதை எடுத்துக் கிழிங்க."

பத்திரிகைக்காரன் குயிக்லியைப் பார்த்தான், மாடத்தைப் பார்த்தான். அங்கே ஒருவரும் எழுந்து போகவில்லை. தாளை வெளியே எடுத்தான்.

"கிழிச்சிட்டுப் புதுசா எழுதுங்க. எனக்கு அவசரமில்ல."

அவன் எழுதி முடிக்கிறவரை எஸ்ரா மேடையை விட்டு இறங்கவில்லை.