மெய்யாகவே

கிணற்றடியில் வாளி வைக்கும் சத்தம் கேட்டபோது மனோன்மணி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இன்னும் விடியவில்லை. அவளுக்கு முன்னமே எழும்பிய கணவர் ஜெபநேசன் முகம் கழுவிவிட்டு வருவார், சொல்லுவார், அவள் பதில் சொல்ல வேண்டும்.

உயிர்த்த ஞாயிறன்று அந்த வீட்டில் முதலில் எழும்புகிறவர் “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்பார். மற்றவர்கள் “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்” என்று சொன்ன பிறகுதான் வாய் நனைக்கலாம். ஜெபநேசனின் தகப்பன் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் பழகிக்கொண்டு வந்தது. அதைப் பந்தயமாக்கியவன் மகன் ஜொனதன். எல்லாரையும் முந்தி எழும்பித் தகப்பனின் காதுக்குள் கத்துவான். பிறகு வேலிக்கு மேலால் எட்டி, பக்கத்து வீட்டு இராசமலரையும் எழுப்புவான். “எனக்கென்னடா, நான் பிள்ளையார் கோயில்காரி,” என்று வைதுகொண்டே அவளும் பதில் சொல்லுவாள்.

போன ஆவணியில் மயிலிட்டிக் கடலில் சிநேகிதப் பெடியளோடு வள்ளத்தில் போனான். வள்ளம் கவிழ, மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவன் உடல் கிடைக்கவே இல்லை. சவப்பெட்டி வைக்காமலே அடக்க ஆராதனை நடந்தது.

ஜெபநேசன் துவாயால் முகத்தைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றார்.

“மனோ, கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்.”

அவள் கோப்பையையே பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, என்னாலை ஏலாது. மெய்யெண்டால் உடம்புந்தானே. அந்தச் சொல்லு வாயிலை வருகுதில்லை.”

“வராட்டிப் பரவாயில்லை. நீ குடி.”

“நீங்கள் குடியுங்கோ.”

“நீ சொல்லாமல் நான் எப்பிடிக் குடிக்கிறது?”

தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் இராசமலரின் குரல் கேட்டது.

“மனோ! என்ன சத்தத்தைக் காணேல்லை? உங்கடை பெடியன் எழும்பேல்லையோ?”

கேட்ட பிறகுதான், யாரைக் கேட்டோம் என்பது அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மனோன்மணி முற்றத்தில் இறங்கி வேலியடிக்குப் போனாள்.

“குறை நினையாதை பிள்ளை,” என்றாள் இராசமலர். “விடியப்புறமே முழிப்பு வந்திட்டுது. அவன் கூப்பிடுவான் கூப்பிடுவானெண்டு படுத்துக் கிடந்தன். விசர்ப் பழக்கம்.” மூக்கை உறிஞ்சினாள். “நான் சொல்லட்டோ? கிறிஸ்து எழும்பிட்டார்.”

வேலியின் ஓலைக்கிடுகு பிரிந்திருந்த இடத்தால் ஒரு கை வந்தது. துருவிய தேங்காய்ப்பூ ஒட்டிய, சூடான கை. அது மனோன்மணியின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“மெய்…” என்றாள் மனோன்மணி.

மிச்சம் வரவில்லை. கை விடாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.