சகலையின் மெயில்கள்

அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள். ஆகவே சொந்தபந்தம் எல்லாருக்கும் ஓசி மெக்கானிக். யார் வீட்டில் பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் போன் அவருக்குத்தான் வரும். அலுத்துக்கொண்டே போவார். போய்ச் சரிசெய்துவிட்டு, அதை நாலு பேரிடம் சொல்லாமல் இருக்கவும் மாட்டார்.

மனைவியின் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்தபோதும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அக்கா வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவள். அவள் புருஷன், அதாவது இவருடைய சகலை, கப்பலில் இன்ஜினீயராக இருந்தவர். முந்தின வருஷம் நடுக்கடலில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். குழந்தைகள் இல்லை. கல்யாணமானதிலிருந்து துறைமுகம் துறைமுகமாக அவர் எழுதிய மெயில்கள்தான் அக்காவுக்கு மிச்சம். அவள் வைத்திருந்த பழைய மெயில் புரோகிராம், சர்வரிலிருந்து மெயிலை இறக்கிக்கொண்டு அங்கே அழித்துவிடும் ரகம். அந்த ஒரு மெஷினை விட்டால் அவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

"தம்பி, வேற எது போனாலும் பரவால்ல. இது மட்டும் போயிடக்கூடாது," என்றாள் அக்கா.

"நான் இருக்கேன்லக்கா. பேக்கப் எடுத்துட்டுத்தான் கையே வைப்பேன்."

சொன்னபடி எடுத்தார். புரோகிராமை மூடிவிட்டு, மெயில்கள் கிடக்கும் ஃபோல்டரை அப்படியே தன் டிஸ்க்கில் காப்பி செய்தார். வேலையில் அவர் சுத்தம். எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று பார்க்காமல் பழைய மெஷினைத் துடைக்க அவருக்கு மனசு வராது. வீட்டுக்குப் போய்த் தன் கம்ப்யூட்டரில் அதே புரோகிராமைப் போட்டு, ஃபோல்டரை உள்ளே வைத்துத் திறந்தார். வருஷ வாரியாக எல்லாம் வந்து நின்றன. சோதனைக்கு ஒன்றைத் தட்டினார்.

'விளம்பரம் வந்து ஃபேன் மாட்டிவிட்டுப் போனாரா? ஊருக்கு நோட்டீஸ் அடித்தாயிற்றா?' என்று அதில் எழுதியிருந்தது.

விளம்பரம் என்பது தான்தான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தச் சொல்லைத் தேடும் கட்டத்தில் அடித்தார். பொலபொலவென்று வந்து விழுந்தன. 'விளம்பரத்துக்கு மறக்காமல் நன்றி சொல்லிவிடு, இல்லையென்றால் வந்து ஃபேனைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்' என்று ஒன்று. அதற்கு அக்காவின் பதில்: 'சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.' லீவு போட்டுவிட்டு ஏணியில் நின்று, கண்ணெல்லாம் தூசியோடு மாட்டிய ஃபேன் அது. கப்பலை விட்டு இறங்கும்போதெல்லாம் சகலை அவரைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டுவார். தட்டிய இடம் இப்போது எரிந்தது.

மறுநாள் போய்ப் பழைய மெஷினைச் சுத்தமாகத் துடைத்தார். எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். மெயில் புரோகிராமைத் திறந்து, காலியாக நின்ற ஜன்னலை அக்காவுக்குக் காட்டினார்.

"பேக்கப் ஃபைல் உடைஞ்சிருக்குக்கா. எப்படின்னே தெரியல."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவரைத்தான் தேற்றினாள். "நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி. வேணும்னேவா பண்ணீங்க."

ஒரு நாள் தவிக்கட்டும், அப்புறம் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். அந்த ஒரு நாள் போய் இன்னொரு நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, "ஏதோ கொஞ்சம் தேறுச்சுக்கா," என்று சொல்லி நாலைந்து மெயில்களை மட்டும் அவள் கம்ப்யூட்டரில் ஏற்றினார். மழை, கப்பல் சாப்பாடு, தூக்கமில்லை என்று சாதாரண விஷயங்கள். அவள் வாய்விட்டுப் படித்தாள், அழுதாள். அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டு, தம்பி ராப்பகலா உட்கார்ந்து மீட்டுக் கொடுக்கிறார் என்று சொன்னாள். அவர் வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை.

அது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

ஞாயிறு தவறாமல் போனார். சகலையின் சாய்வு நாற்காலி அவருடையதானது. "இந்த வாரம் ஏதாச்சும் கெடச்சுதா தம்பி?" என்று வாசலிலேயே கேட்பாள். கையில் வைத்துக்கொண்டே சில தடவை "இல்லக்கா" என்பார், அவள் முகம் விழுவதைப் பார்ப்பதற்காக. ஒரு தடவை ஒரு மெயிலைப் பாதியில் வெட்டிக் கொடுத்தார். 'வந்ததும் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இத்தனை நாள் சொல்லாதது' என்பதோடு அது நின்றது. வெட்டிய பாதியில் பெரிதாக ஒன்றுமில்லை. அவள் வாங்கிய சோபாவின் நிறம் சகலைக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவள் அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. வேற ஒருத்தி இருந்தாளோ, நோயை மறைத்தாரோ என்று தங்கைக்குப் போன் போட்டுப் போட்டுக் கேட்டாள்.

நாளாக ஆக அக்கா இளைத்துப்போனாள். திருத்தி அனுப்பிய புத்தகத்தில் பிழைகள் கிடக்கின்றன என்று பதிப்பகத்தார் திருப்பி அனுப்பினார்கள். தலை சீவாமல் கதவைத் திறந்தாள். அப்போதுதான் அவருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. போதும், அடுத்த ஞாயிறு மொத்தத்தையும் ஏற்றிவிடலாம், புது சாஃப்ட்வேர் ஒன்று கிடைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். முடிவு செய்ததும் மனசு லேசாயிற்று. தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் அலுவலகம் விட்டு வந்தபோது அவர் மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதையோ பிரிண்ட் எடுக்க வந்தவள். திரையில் அந்த மெயில் புரோகிராம் திறந்திருந்தது.

"எல்லாம் இருக்கே," என்றாள், திரும்பாமலே.

அவர் பையைக் கீழே வைத்தார். "அது... இந்த ஞாயித்துக்கிழமை குடுத்துடலாம்னுதான். என்னை என்னல்லாம் எழுதியிருக்காங்க பாத்தியா? விளம்பரமாம்."

"அது சரியாத்தான் எழுதியிருக்காங்க."

பிறகு அவள் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"உங்களுக்கு ஒண்ணு தெரியாது. கல்யாணமாகி ரெண்டாவது வருஷம், உங்களோட இருக்க முடியாதுன்னு பெட்டியத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். நீங்க அலுவலக வேலையா வெளியூர் போயிருந்தீங்க. அவதான் உக்கார வெச்சுப் புத்தி சொல்லித் திருப்பி அனுப்பினா. என் நல்லதுக்குத்தான் சொல்றான்னு வந்துட்டேன். இவ்வளவு காலமும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன்."

அவள் திரையைக் காட்டினாள். அக்கா கப்பலுக்கு அனுப்பிய மெயில். 'தங்கை பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் லீவில் வரும் நேரம் பார்த்தா வருவாள்? நைசாகப் பேசி விளம்பரத்திடமே தள்ளிவிட்டேன். வீடு நமக்கு மட்டும்தான்.'

"ஏங்க," என்றாள். "எந்தக் கொம்பன் வந்தாலும் திரும்ப எடுக்க முடியாத மாதிரி இத எப்படி அழிக்கறது?"

"வேணாம்மா. பாவம்."

"இத்தன வாரம் பாவமா தெரியலயா? சொல்லுங்க. இல்லன்னா இந்த ஞாயிறு அவகிட்ட எல்லாத்தையும் சொல்றேன். அந்த வெட்டின மெயிலையும் சேத்து."

அவர் சொல்லிக் கொடுத்தார். வெறுமனே டெலிட் செய்தால் போதாது, டிஸ்க் முழுக்க வேறொன்றை மேலே எழுத வேண்டும் என்றார். கம்ப்யூட்டரில் இருந்த பிரதிக்கும் அதே கதிதான். திரையில் பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து முடியும் வரை அவள் எழுந்திருக்கவில்லை. அவர் அடுப்பைப் பற்றவைத்துத் தானே டீ போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போனார்கள். அக்கா வழக்கம்போல வாசலில் கேட்டாள். தங்கை அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் அந்தச் சோபாவில் உட்கார வைத்தாள்.

"அக்கா, மனசத் தேத்திக்கோ. டிஸ்க் மொத்தமா செத்துப்போச்சு. இனிமே ஒண்ணும் வராது."

அக்கா அவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

"அந்தப் பாதி மெயில்?"

"அதுவும்தான்க்கா," என்றார்.

அக்கா தங்கையின் தோளில் விழுந்து அழுதாள். உடம்பே குலுங்கியது. தங்கை அவள் முதுகை நிதானமாகத் தடவிக்கொடுத்தாள். "அழு. அழுதாத் தேவல," என்றாள். அழுகைக்கு நடுவில் அக்கா, "நீ இல்லன்னா நான் என்னடி பண்ணுவேன்," என்றாள். "ரெண்டு நாள் கூட இருந்துட்டுப் போயேன்."

"வேல இருக்கேக்கா. இன்னொரு நாள் பாக்கலாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். இப்போதும் என்னை விட்டுப் போக வேண்டுமென்று நினைக்கிறாயா என்று கேட்க அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"ராத்திரிக்கு என்ன பண்ணட்டும்?" என்று அவளே கேட்டாள்.

"எதுன்னாலும் சரி," என்றார் அவர்.