குழி என்னுடையது, தண்ணீர்?

விடிந்ததும் பக்கத்து வீட்டுத் தியேரா கிணற்றில் வாளி இறக்கும் சத்தம் கேட்டது. நிலத்தடி நீர் ஊறும்வரை தோண்டிய பாபாய்க் கிழங்குக் குழிக்குள் முழங்கால் சேற்றில் நின்றிருந்த மரேவாவுக்குக் கை ஓடவில்லை. தீவில் நான்கு மாதமாக மழையில்லை. கூரைத் தண்ணீர்த் தொட்டிகள் காய்ந்து, குடிப்பதற்கும் கிணறுதான் என்றாகிவிட்டது. குழியிலிருந்து அந்தக் கிணறு பதினைந்து தப்படிகூட இராது.

"அக்கா, உன் கிழங்குக்கு என்னத்தத்தான் போடுறே? இலை ஒவ்வொண்ணும் பாய் அகலத்துக்கு விரியுது!"

"எங்கம்மா சொன்னதைப் போடுறேன்."

"சரி சரி. உங்க குடும்பத்துல உசிரைக் கேட்டாக்கூடக் கொடுப்பீங்க, குழிக்குப் போடுற தழையை மட்டும் சொல்லிட மாட்டீங்க!"

மற்ற நாளாக இருந்தால் மரேவா சிரித்திருப்பாள். எந்தத் தழை, எத்தனை நாள் காயவைப்பது என்பதெல்லாம் அந்தந்தக் குடும்பத்தின் ரகசியம். அடுத்தவர் கேட்பது மரியாதையில்லை. கேலியாகக் கேட்டாலும் யாரும் சொல்வதில்லை.

"பாப்பா எப்படியிருக்கா?"

"மூணு நாளா வயித்தால போகுதுக்கா. கண்ணு குழி விழுந்திருச்சு. நர்சம்மா உப்புக் கரைசல் பொடி கொடுத்திருக்கா. தண்ணியைச் சுட வச்சு ஆத்துறதுக்குள்ள அது அழுது தீர்த்துடுது. அப்படியேதான் கலக்கிக் கொடுக்குறேன்."

மரேவா குழியை மூடிக் கிடந்த தழையைப் பார்த்தாள்.

பன்றிச் சாணத்தைத் தென்னைமட்டைத் தூளோடு அடுக்கிக் குவித்தால், உள்ளே கை வைக்க முடியாதபடி சூடேறும். புரட்டிப் புரட்டிப் போட்டு ஆறு மாதம் விட்டால் நாற்றம் போய் மண்வாசனை வரும். அவளுக்கு அது தெரியாததல்ல. ஆனால் போன திருவிழாவில், அவரவர் கிழங்கைக் கொண்டுவந்து வைத்த ஊர்க்கூடத்தில், எல்லார் முன்னும் கொழுந்தன் தெபானோ கேட்டிருந்தான்: "அண்ணி, உங்க கிழங்கைத் தோள்ல தூக்கிட்டு வந்தீங்களா, காதுல மாட்டிட்டு வந்தீங்களா?" கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பை அவள் ஒரு வருடமாகச் சுமந்தாள். குவித்துப் புரட்டிக் காத்திருக்கப் பொறுமையில்லை. போன மாதம், ஊரே கோயிலில் இருந்த ஞாயிறு காலை, பட்டியிலிருந்து பச்சைச் சாணத்தை அள்ளிக் குழியில் கொட்டித் தழையால் மூடினாள்.

வறட்சியில் எந்தக் குழந்தைக்குத்தான் வயிறு கெடாது என்று மூன்று நாளாகத் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். குழியும் கிணறும் ஒரே நீரைத்தான் தொடுகின்றன என்பதை மட்டும் மனம் மறக்கவில்லை.

தியேரா வாளியிலிருந்து பால்புட்டிக்குத் தண்ணீரைச் சாய்த்தாள். மரேவா சேறோடு மேலே ஏறி ஓடிப் புட்டியைப் பிடுங்கினாள்.

"கொடுக்காதே! இந்தத் தண்ணி வேண்டாம்."

"என்னக்கா?"

"குழியில பச்சைப் பன்றிச் சாணம் போட்டிருக்கேன்."

"உங்கம்மா சொன்னதுன்னு சொன்னியே?"

"அம்மா சொல்லலை. என் வீம்பு சொல்லிச்சு."

தியேரா வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய், துவண்டு கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவ நிலையத்துக்கு நடந்தாள். மரேவா இளநீர்க் குலையோடு பின்னால் ஓடினாள். தியேரா அதை வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலை ஊர்க்கூடத்தில் தியேரா உட்காரும் இடம் காலியாக இருந்தது. குழந்தைக்குக் கையில் ஊசி குத்திச் சலைன் ஏறிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். மரேவா எழுந்து நின்றாள்.

"தழை ரகசியம் அவங்கவங்க குடும்பத்தோட இருக்கட்டும். ஆனா சாணம் ரகசியமில்ல. சூடேறி, மக்கி, நாத்தம் போனாத்தான் அது உரம். அதுக்கு முன்னாடி அது விஷம். அதைத்தான் பச்சையா என் குழியில கொட்டினேன். குழி என்னுது. அடியில இருக்கிற தண்ணி நம்ம எல்லாரோட பிள்ளைங்களுக்கும் சொந்தம்."

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசி வரிசையிலிருந்து தெபானோவின் குரல் தயங்கித் தயங்கி வந்தது:

"போன வருசம் என் கிழங்கும் அப்படித்தான் பெருத்துச்சு, அண்ணி."